கணக்குக் கேட்ட கடிதம்



தரங்கம்பாடி என்றதும் நம்மிற் பலருக்கு அச்சு யந்திரமே நினைவுக்கு வரும். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயரின் பெயரும் கூடவே வரும். இலக்கிய வரலாற்று நூல்கள் அவருக்கு ஒரு பந்தியை ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கம். அவர் 1719ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி, 36ஆவது வயதில் இறந்தார் என்பதும் அப்பந்தியில் இருக்கும். வயிற்று நோயும் இருமலும் அவரை வாட்டின என்பது உண்மை. ஆனால் அந்த இறுதி மாதங்களில் நோயோடு ஒரு கடிதமும் சேர்ந்துகொண்டது என்பதை அப்பந்தி சொல்வதில்லை. அது கணக்குக் கேட்ட கடிதம். இன்றைய பேச்சு அக்கடிதத்தைப் பற்றியது.

சமய ஊழியம் என்றால் தியாகம் என்று சொல்லுவோம். பணமும் பொறுப்பும் கையில் உள்ளவர் எவராயினும் கணக்குக் காட்டவேண்டும் என்றும் சொல்லுவோம். இரண்டும் நல்ல சொற்கள்தாம். ஆனால் இவ்விரண்டும் ஒரே மனிதனின் தலைமேல் ஒரே வேளையில் வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தரங்கம்பாடியை விடத் தெளிவான சான்று ஒன்றை நான் அறியேன்.

முதலில், டென்மார்க்குக்காரர் அந்தச் சோழக் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தனர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. கண்டி மன்னன் செனரத்தின் தூதன் என்று சொல்லிக்கொண்டு கோப்பன்ஹேகன் போய்ச் சேர்ந்த ஒருவனின் பேச்சை நம்பி, 1618இல் டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் இலங்கைக்குப் புறப்பட்டன. தூதன் வழியிலேயே இறந்துபோனான். 1620இல் திருகோணமலைப் பக்கம் வந்திறங்கிய தளபதி ஓவே கியெட், கண்டியோடு எண்ணியபடி காரியம் கைகூடாமற் போகவே, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொண்டான். திருகோணமலையில் நிலைத்திருக்க வேண்டிய டேனிஷ் கொடி அங்கே பறந்தது. வரலாற்றில் இப்படியான தடம் மாறல்கள் எத்தனையோ.

எண்பத்தாறு ஆண்டுகள் அங்கே வணிகம் நடந்தது. சுதேச மக்களிடையே சமயம் பரப்பும் எண்ணம் கம்பனிக்கு இருக்கவில்லை. அந்த எண்ணம் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்குக்குத்தான் வந்தது. அனுப்புவதற்குத் தமது நாட்டில் ஆள் கிடைக்காத நிலையில், ஜேர்மனியின் ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கேயின் பக்தி மார்க்கத்திற் பயின்ற இரு இளைஞர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் ஹைன்றிக் புளூட்சோ. 1705 நவம்பர் இறுதியிற் கப்பலேறியவர்கள் 1706 யூலை 9ஆம் திகதி கரையைக் கண்டனர். ஏழு மாதங்களுக்கு மேற்பட்ட பயணம். இந்த ஏழு மாதத்தை நேயர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களை வரவேற்ற விதம் பிரசித்தமானது. அரசனின் ஆணையோடு வந்தவர்களை அவன் வீதியிலே நிற்க வைத்துவிட்டுப் போனான். இவர்களுக்கு இடையூறு செய்யும்படி கம்பனி இரகசியமாக எழுதியிருந்தது என்பர். தங்க இடமின்றி நின்றவர்கள் பிறகு எப்படியோ ஒரு வீட்டைத் தேடிக்கொண்டனர். ஒரு முதிய தமிழ் உபாத்தியாயரை அழைத்து, அவருடைய திண்ணைப் பள்ளியை அந்த வீட்டிலேயே நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் அரிவரி எழுதிப் பழகினார் சீகன்பால்க். அப்போது அவருக்கு வயது 24.

அடுத்த ஆண்டு, 1707 ஓகஸ்டில், முதல் ஆலயம் எழுந்தது. அதற்கான செலவிற் பெரும்பகுதி இவர்களுடைய சொந்தச் சம்பளத்திலிருந்தே போயிற்று. பள்ளிகள் தோன்றின, பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி. பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்க வேண்டியிருந்தது. ஓலை எழுதுவோருக்கும் உபாத்தியாயர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கிலிருந்து முதன்முதலாக அனுப்பப்பட்ட பணப்பெட்டியோ 1708இல் கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியிலே கடலில் மூழ்கிப்போயிற்று. அந்தச் செலவை எந்தக் கணக்கேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

அதே ஆண்டு நவம்பரில் அவர் சிறை புகுந்தார். காரணம் ஓர் ஏழை விதவை. தமிழ் நாவிதர் ஒருவரின் மனைவி. இறந்த கணவனின் கடன் பற்றிய வழக்கு. எதிராளி கம்பனியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். சீகன்பால்க் அவளுக்காகப் பரிந்து பேசினார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஹாசியஸ் ஆளனுப்பி அழைத்தான். எழுத்து மூலம் அழைப்பாணை தந்தால் வருகிறேன் என்றார் இவர். பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல மறுத்தார். நான்கு மாதம் கோட்டைச் சிறையில் இருந்தார்.

இங்கே சற்று நிற்கலாம். சீகன்பால்க் சாந்த சொரூபி அல்லர். எளிதிற் சினங்கொள்பவர், விட்டுக்கொடாதவர். ஹாசியஸின் பக்கத்தில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அந்நிய ஊரில் ஒரு வணிகக் கோட்டையைக் காப்பவனுக்கு, தனது நீதிமன்றத்தை நாளாந்தம் கேள்வி கேட்கும் குருவானவர் தலைவலியாகத்தான் இருந்திருப்பார். ஆனால் "எழுத்திலே தாரும்" என்று கேட்கும் அந்தக் குணத்தைக் கவனியுங்கள். எதையும் எழுத்தில் வைத்துக்கொண்டு பொறுப்புச் சொல்ல அவர் விரும்பினார். வாய்ச்சொல்லாக வரும் அதிகாரத்துக்குத்தான் அவர் பணியவில்லை. சிறையிலே எழுதுகருவி கிடைத்தபோது அவர் எழுதிய நூல்களில் ஒன்று, கடவுளுக்கு உகந்த போதக ஊழியம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றியது. ஊழியத்தின் இலக்கணத்தைச் சிறைச்சுவருக்குள் இருந்து எழுதியவர்கள் சமய வரலாற்றில் வேறும் உளர். தமிழ்க் கரையிலே இவர்.

அவர் எழுத்தில் வைத்துச் சென்றவை ஏராளம். நாட்குறிப்பு, கடிதம், அட்டவணை, அறிக்கை. ஹாலேயில் பிராங்கே 1710 முதல் இவற்றைத் தொகுத்து வெளியிடலானார். புரட்டஸ்தாந்து உலகின் முதலாவது மிஷன் பருவ வெளியீடு என்று அதனைச் சொல்வர். ஜேர்மனியின் சிறு நகரங்களில் வாழ்ந்த எளியவர்களும் தாம் கொடுத்த காசு எங்கே போயிற்று என்பதை அவற்றில் வாசித்து அறிந்தனர். இதிலும் ஒரு சங்கதி உண்டு. ஹாலேயிலே அறிக்கைகள் அப்படியே அச்சாகவில்லை. வாசிப்போர் மனம் கோணாதபடி வெட்டியும் திருத்தியுமே வெளிவந்தன. நன்கொடையாளருக்குப் போகும் கணக்கு எக்காலத்திலும் சற்று மெருகேறியே போகும் போலும்.

மெருகேறாத கணக்கும் ஒன்று உண்டு. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடியிலிருந்து ஊரவர்களுக்குக் கேள்விகள் அனுப்பப்பட்டு விடைகள் பெறப்பட்டன. அவ்வாறு தமிழர் எழுதிய 99 கடிதங்கள் ஜேர்மன் மொழியில் அச்சாகின. அவர்களுடைய மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்னர் கோட்டையாரால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட அழகப்பனின் கையே இவற்றுட் பலவற்றில் உள்ளது என்ற கருத்தும் உண்டு. யார் எழுதியதாயினும் கடிதங்கள் கூசவில்லை. கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோர் குடிக்கிறார்கள், மாட்டை உண்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை. உங்கள் வேதம் நல்லதாயின் உங்கள் நடத்தை ஏன் இப்படி என்ற கேள்வி அவற்றிலே மீண்டும் மீண்டும் எழுகின்றது. மிஷனரிமார் அதைக் கிழித்தெறிந்திருக்கலாம். மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். தம்மீது வந்த குற்றச்சாட்டைத் தாமே சுமந்து சென்று கொடுத்த இச்செயலைத்தான் நான் அவர்களுடைய ஊழியத்தின் ஆகச் சிறந்த பக்கமாக மதிக்கின்றேன்.

இதே காலத்தில் இலங்கையின் கரையோரத்திலே நிலைமை வேறாக இருந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒல்லாந்த குருமார் கம்பனியிடம் சம்பளம் பெற்றனர். கம்பனிக்கே கணக்குக் கொடுத்தனர். உத்தியோகம் வேண்டின் ஞானஸ்நானம் வேண்டும் என்ற விதியால் பதிவேடுகளில் கிறிஸ்தவரின் தொகை பெருகிற்று. ஒல்லாந்தர் போனதும் அத்தொகைக்கு என்ன நேர்ந்தது என்பது நாம் அறிந்ததே. தலையை எண்ணிய கணக்கு அது.

சீகன்பால்க் எண்ணியது வேறு. 1708இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். தமிழரின் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் அதில் 119. திருக்குறள் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜேர்மன் மொழியில் ஆக்கினார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவிலே பரப்புவதா என்பது அவருடைய நினைப்பு. செலவிட்ட காலத்துக்கு இது ஒரு செல்லாத கணக்காகப் பட்டது போலும்.

அச்சு விடயத்தை விரைவாகச் சொல்லிச் செல்கிறேன். அது பலரும் அறிந்த கதை. இலண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அனுப்பிய யந்திரம் வழியிலே பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மீண்டது. கூட வந்த அச்சாளர் கடலிலேயே இறந்தார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் பெரிதாக இருந்தபடியால் கடதாசி போதவில்லை. பாற்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். 1714இல் நற்செய்திகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. பொறையாற்றிலே கடதாசி ஆலை ஒன்றும் எழுந்தது.

இதற்கிடையிற் கோப்பன்ஹேகனில் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1714 டிசம்பரில் மன்னர் மிஷன் நிருவாக சபை ஒன்றை நிறுவினார். அதுவரை மன்னருக்கும் ஹாலேயிலுள்ள நண்பர்களுக்கும் எழுதிவந்தவர்கள் இனி ஒரு சபைக்குப் பொறுப்புச் சொல்லவேண்டும். நியாயமான ஏற்பாடுதான். அரசர் தபால் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் 2000 தாலர் ஒதுக்கியிருந்தார். டென்மார்க்கோ சுவீடனோடு யுத்தம் புரிந்துகொண்டிருந்த காலம். ஒவ்வொரு தாலருக்கும் கேள்வி உண்டு. சபை உருவாகும் வேளையில் சீகன்பால்க் ஐரோப்பா நோக்கிக் கடலில் இருந்தார். அங்கே மன்னரைக் கண்டார், ஹாலேயில் 1716இல் தமிழ் இலக்கண நூலை அச்சிட்டார், திருமணம் செய்துகொண்டார், அவ்வாண்டே மனைவி மரியா டொறத்தேயாவுடன் திரும்பினார். ஹாசியஸ் போய், நட்புள்ள தளபதி ஒருவர் வந்திருந்தார். இனித் தொல்லை தீர்ந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

தொல்லை இம்முறை எதிரியிடமிருந்து வரவில்லை. நிருவாக சபையின் செயலாளராக இருந்தவர் கிறிஸ்டியன் வெண்ட். அவரும் பக்தி மார்க்கத்தவர், நேர்மையானவர், தம்மளவில் எளிமையை விரும்பியவர். அவருடைய மனதில் ஊழியம் என்றால் ஒரே சித்திரம்தான் இருந்தது. ஆதி அப்போஸ்தலர்கள் கோலும் கையுமாக ஊரூராகப் போனார்கள். அவர்களுக்கு வீடில்லை, பள்ளிக்கூடம் இல்லை, அச்சகம் இல்லை, சம்பளம் வாங்கும் உபாத்தியாயர் கூட்டம் இல்லை. தரங்கம்பாடியிலோ கட்டடங்கள் எழுகின்றன. குருமார் மனைவியரோடு வாழ்கின்றனர். ஓரிடத்திலேயே தங்கிச் செலவுப் பட்டியல் அனுப்புகின்றனர். இதுவா அப்போஸ்தல ஊழியம்? வெண்ட் கேட்ட கேள்வி இதுதான். கேள்வியோடு பணமும் இறுகிற்று.

வெண்டை ஒரு கொடியவராகச் சித்திரிப்பது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. பிறர் கொடுத்த காசுக்குக் காவலாக இருப்பவன் கேட்கவேண்டிய கேள்விகளே அவை. சமய நிறுவனங்கள் கட்டடங்களிலே தம்மைப் புதைத்துக்கொண்ட வரலாறு எல்லாச் சமயங்களிலும் உண்டு. அவர் சொன்னதில் இன்னொன்றும் உண்டு: அந்நியரின் பணத்தில் தொங்காமல் தமிழ்ச் சபை தன் காலிலே நிற்கவேண்டும் என்பது. அதனை இன்று எவரும் பிழை என்னார். தரங்கம்பாடியில் முதலாவது தமிழ்ப் போதகராக ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733இல் தான், அது தாமதமே.

பிழை வேறோரிடத்தில் இருந்தது. அந்த ஏழு மாதத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். தரங்கம்பாடியிலிருந்து புறப்படும் கணக்கு அரையாண்டுக்கு மேற்பட்ட பயணத்தின் பின் கோப்பன்ஹேகனை அடையும். அங்கே கூட்டம் கூடும், விடை எழுதப்படும், கப்பல் புறப்படும் பருவத்துக்குக் காத்திருக்கும், மீண்டும் கடலிலே மிதக்கும். கண்டனம் வந்து சேரும்போது கண்டிக்கப்பட்ட செலவு ஒன்றரை ஆண்டு பழையதாகியிருக்கும். அரிசி வாங்கிய பிள்ளைகள் அதை உண்டு வளர்ந்திருப்பார்கள். கணக்குக் கேட்டவர் அந்த மணலை மிதித்ததில்லை. கடலரிப்புக்கு உள்ளான முதல் ஆலயத்தை அவர் கண்டதில்லை. கிறிஸ்தவனானதும் சாதியும் சுற்றமும் தொழிலும் இழந்து வாசலில் வந்து நிற்பவனுக்கு உபதேசத்தோடு சோறும் வேண்டும் என்பதை அவர் அறிந்ததில்லை.

சீகன்பால்க் சொன்ன மறுமொழியின் சாரமும் இதுவே. ஆன்மாவுக்குச் செய்யும் பணியும் உடலுக்குச் செய்யும் பணியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை விட்டு மற்றதைச் செய்ய இயலாது என்பது அவர் வாதம். ஆன்மாவைத் தனியே பிரித்தெடுத்து அதற்கு மட்டும் ஊழியம் செய்ய, அவர் கண்ட மக்கள் ஆவிகளாக இருக்கவில்லை. பசியும் பிணியும் உடைய மனிதராக இருந்தனர். இதை அவர் வேத சாத்திரத்திற் படித்துத் தெரிந்துகொண்டார் என்பதைவிட, பன்னிரண்டு ஆண்டு தரங்கம்பாடி வீதிகளிற் கண்டு தெரிந்துகொண்டார் என்பதே பொருத்தம்.

1718 ஒக்டோபர் 11இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ராஜ வீதியிலே இன்றும் நிற்கும் அதன் முகப்பில் மன்னர் பிரெடெரிக்கின் முடியும் பெயரெழுத்தும் உள்ளன. வெண்டின் கண்ணுக்கு அது இன்னொரு வீண் கட்டடம். கட்டியவருக்கு அதுவே தமது கடைசி வேலையாயிற்று. அதன் பிறகு அவர் எழுந்து நடமாடியது சொற்பம். கோப்பன்ஹேகனின் கடுமொழிகள் நலிந்த உடலை மேலும் நலியச் செய்தன என்பதை அவருடைய வரலாற்றை எழுதியோர் பலரும் ஒப்புகின்றனர். ஹாசியஸின் சிறை அவரை ஒடிக்கவில்லை. சிறையிலிருந்து நூலோடு வெளியே வந்த மனிதர் அவர். சொந்த மார்க்கத்தார், தம்மைப் போலவே செபிக்கிறவர்கள், நீ உண்மையான ஊழியன்தானா என்று கேட்டதுதான் தைத்தது. பகைவன் கேட்டால் மறுமொழி சொல்லத் தெம்பு வரும். தன்னவன் கேட்டால், ஒருவேளை அப்படித்தானோ என்று மனம் தன்னையே தோண்டத் தொடங்கும். இளமை முதலே மனச்சோர்வுக்கு ஆளாகும் இயல்பினர் அவர் என்பதையும் இங்கே சேர்த்தே நினைக்கவேண்டும்.

நத்தார் தினத்திலும் 1719 புத்தாண்டுத் தினத்திலும் எழுந்து பிரசங்கம் செய்தார். பெப்ரவரி 23ஆம் திகதி காலை, கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, சூரியன் முகத்தில் அடிப்பது போலப் பிரகாசமாக இருக்கிறதே என்றார் என்பர். தமக்குப் பிரியமான கீதத்தைப் பாடச் சொன்னார். பாடினார்கள். நாலரை மாதங்களுக்கு முன் தாம் திறந்துவைத்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சி நின்றவர் தோழர் யோஹான் ஏர்ன்ஸ்ட் கிருண்ட்லர். 1709இல் வந்தவர். புளூட்சோ 1711இலேயே திரும்பிப் போயிருந்தார். நோயும் கடனும் நிருவாக சபையின் அதிருப்தியும் சேர்ந்த பாரம் கிருண்ட்லரின் தோளில் இறங்கிற்று. புதிதாக வந்த பெஞ்சமின் சுல்சேயிடம் பொறுப்புக்களை ஒப்படைக்கும் அளவுக்கு மட்டும் அவருக்கு ஆயுள் இருந்தது. 1720 மார்ச் 19இல் அவரும் இறந்தார். அதே ஆலயத்தில் அடக்கமானார்.

சீகன்பால்க் ரூத்தின் ஆகமம் வரை மொழிபெயர்த்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டைச் சுல்சே எடுத்து, 1728இல் முழுமையாக அச்சிட்டு முடித்தார். பிராங்கே வேண்டாமென்று ஒதுக்கிய தெய்வங்களின் வரலாறு ஹாலேயின் அலுமாரியிலே கிடந்து, 154 ஆண்டுகளின் பின், 1867இல் சென்னையில் அச்சேறிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் கடல் பொங்கித் தரங்கம்பாடி ஊருக்குள் புகுந்தபோதும், வெண்டுக்கு வீண் செலவாகப் பட்ட அந்த ஆலயம் நின்றது. உள்ளே கல்லறைகள் இரண்டும் இருக்கின்றன.